திருகோணமலையின் பெயரைத் தாங்கிய பாய்க்கப்பல்: கேள்வி பதில்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹார்ட்டில்பூலில் மிதக்கும் ‘டிரிங்கோமலீ’ போர்க்கப்பலைக் காணச் செல்லவிருக்கும் அன்பர்கள் கேட்டவற்றுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: நான் திருகோணமலைக்காரன். இது எங்கள் ஊரிலா கட்டப்பட்டது?

பதில்: இல்லை ஐயா. 1782இல் உங்கள் ஊர்க் கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய போரின் நினைவாகப் பெயர் மட்டும் வந்தது. கட்டியவர்கள் பம்பாயின் வாடியா குடும்பத்துப் பார்சிக் கப்பல் தச்சர்கள்; கடலில் இறக்கிய நாள் 1817 அக்டோபர் 12. முகப்பில் தலைப்பாகை அணிந்த இந்தியர் ஒருவரின் மரச்சிலை இருக்கும். உள்ளே நுழையுமுன் அதைப் பாருங்கள்.

கேள்வி: 200 ஆண்டுகள் நீரில் கிடந்த மரம் உளுத்துப்போகாதா?

பதில்: நெப்போலியப் போர்களால் பிரிட்டனில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, கப்பல் தேக்கில் கட்டப்பட்டது, அந்தத் தட்டுப்பாடே அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தது என்பேன். ஓக் மரத்திலுள்ள அமிலம் இரும்பாணிகளை அரித்துவிடும். தேக்கிலுள்ள எண்ணெய்ப் பசையோ ஆணியையும் காத்து, பூச்சியையும் அண்டவிடாது. பின்னாளில் ‘ஃபூட்ரோயன்ட்’ என்ற பெயரில் பயிற்சிக் கப்பலாக இருந்து, 1987இல் ஹார்ட்டில்பூலுக்கு வந்து, பத்தாண்டுகளுக்கும் மேல் செப்பனிடப்பட்ட பிறகும், உடற்பகுதியில் பாதிக்கு மேல் பழைய மரமே நிற்கிறது.

கேள்வி: பெரும்போர் எதிலாவது ஈடுபட்டதா?

பதில்: இல்லை. போர்கள் ஓய்ந்தபின் பிறந்த கப்பல் அது; 1847 வரை பெரும்பாலும் துறையிலேயே முடங்கிக் கிடந்தது.

கேள்வி: முழங்கால் வலியுள்ள என் தாயாரை அழைத்துச் செல்லலாமா?

பதில்: அருங்காட்சியகத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், அம்மா. தளங்களுக்கிடையே உள்ள படிகள் செங்குத்தானவை. கீழ்த்தளத்தில் உத்தரங்கள் மிகத் தாழ்வாக இருப்பதால் நெடியவர்கள் குனிந்தே நடக்க வேண்டும். நான் இருமுறை இடித்துக்கொண்டேன். ஆயினும் அத்தளத்தைத் தவறவிடாதீர்கள். மாலுமிகள் உண்டதும், தூளி போன்ற தொங்குபடுக்கைகளை நெருக்கமாகக் கட்டி உறங்கியதும் அங்கேதான்.

கேள்வி: போர்ட்ஸ்மத்தின் ‘விக்டரி’யைப் பார்த்துவிட்டேன். இதையும் பார்க்க வேண்டுமா?

பதில்: பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் கப்பல் என்பதற்காக அதைப் பார்த்திருப்பீர்கள்; ஆனால் அது 1922 முதல் நீரில்லாத உலர்துறையில் நிற்கிறது. இதுவோ இன்றும் மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் மிகப் பழையது. கட்டாயம் பாருங்கள்.