மெர்க்ரூசர் 5.7-க்கு மலிவு ஹெட் வாங்கலாமா?
உங்கள் மெர்க்ரூசர் 5.7 படகு இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) விரிசல், பாதி விலையில் புது வார்டெக் (GM வடிவமைத்த ஒரு வகை) ஹெட் கிடைக்கிறது என்கிறீர்கள். வாங்கலாம், ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாதீர்கள். கார் இன்ஜின் போல இல்லாமல் படகு இன்ஜின் மணிக்கணக்கில் கனமான லோடில் ஓடும். அந்தச் சூட்டை வாங்குவது எக்ஸாஸ்ட் வால்வும் அது மூடும்போது அமரும் வளையமான சீட்டும்தான். சீட் கடினப்படுத்தியதா, வால்வு என்ன உலோகம் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். கடல்நீர் நேராக உள்ளே சுற்றும் இன்ஜினுக்கு அலுமினியம் வேண்டவே வேண்டாம், வார்ப்பிரும்புதான்.

அப்புறம், மெஷின் ஷாப்பில் பிரஷர் டெஸ்ட் (அழுத்தம் கொடுத்து விரிசல், கசிவு பார்ப்பது) கட்டாயம். வீட்டிலேயே போர்ட்டில் (வால்வுக்குப் போகும் துவாரம்) மண்ணெண்ணெய் ஊற்றி, வால்வு ஓரம் கசிகிறதா என்று பாருங்கள். ஹெட்டின் அடித்தளத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் (நேரான உலோகச் சட்டம்) வைத்து, அதற்கு அடியில் 0.1 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.