"போர்டு உடைக்கிற வேலை" என்று சொல்லி விலகச் சொல்லாதீர்கள்

வணக்கம் அம்மா. டிப்ளமோ ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) படித்த பையனை ஸ்ரீபெரும்புதூரில் எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு உடைக்க விட்டிருக்கிறார்கள், இதற்கா மூன்று வருஷம் படிக்க வைத்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள். வருத்தம் நியாயமானதுதான். ஆனால் வேலையை விடச் சொல்வதற்கு முன், அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கேளுங்கள்.

சின்ன போர்டுகளை ஒவ்வொன்றாக மெஷினில் விட்டால் கட்டுப்படியாகாது. அதனால் பத்து இருபது போர்டுகளை ஒரே பெரிய பலகையாக, அதாவது பேனலாக அடித்து, பாகங்களைப் பொருத்தி, சாலிடர் முடிந்த பிறகு பிரிக்கிறார்கள். எப்படிப் பிரிப்பது என்பது டிசைனிலேயே முடிவாகிவிடும். ஓரம் நேர்கோடாக இருந்தால் வி-கட்: மேலும் கீழும் பள்ளம் கீறி, 1.6 மி.மீ. தடிமனில் சுமார் மூன்றில் ஒரு பங்கை நடுவில் விட்டுவைப்பார்கள். ஓரம் வளைந்திருந்தால் ரூட்டரால், அதாவது சுழலும் வெட்டுமுனையால், சுற்றி வெட்டி, அங்கங்கே சின்னப் பாலம் விட்டு, அதில் பொடித் துளைகள் போடுவார்கள். மௌஸ் பைட் என்று பையன் சொல்வது அதைத்தான்.

சிக்கல் உடைக்கும்போதுதான் வருகிறது. கையால் மடக்கினால் போர்டு வளையும்; ஓரத்தில் இருக்கும் செராமிக் கெபாசிட்டர் (மின்னேற்றத்தைத் தேக்கி வைக்கும் சின்னப் பாகம்) உள்ளுக்குள் விரிசல் விடும். வெளியே ஒன்றும் தெரியாது, டெஸ்டிலும் பாஸாகிவிடும். அப்புறம் சில மாதம் கழித்து ஈரம் இறங்கி ஷார்ட் ஆகி, பொருளை வாங்கியவர் வீட்டில் போய்ச் செத்துவிடும். இதற்குப் பயந்துதான் சக்கரக் கத்தி, ரூட்டர் மெஷின், லேசர் என்று கம்பெனிகள் செலவு செய்கின்றன. அதே கெபாசிட்டரை வெட்டுக்கோட்டுக்கு இணையாகப் படுக்க வைத்து, கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கும். கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற பலர் இதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. உங்கள் பையன் தினமும் பார்க்கிறான்.

பார்ப்பதை அவன் எழுதி வைக்க வேண்டும். எந்த போர்டில், எந்த ஓரத்தில், எந்தப் பாகம் போகிறது என்று ஒரு நோட்டு போதும். வீட்டில் போர்டு டிசைன் போடும் கீகேட் (KiCad) மென்பொருளை இறக்கிக்கொள்ளட்டும், இலவசம்தான். நாலு போர்டை ஒரு பேனலாக அடுக்கிப் பழகட்டும். தயாரிப்பு முறையைத் தீர்மானிக்கிற பிராசஸ் எஞ்சினியரிங் பக்கம் நகர, என் கணக்கில், இன்னொரு சான்றிதழைவிட இந்த இரண்டும் அதிகம் உதவும். நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. எங்கும் ஓடிப்போகாது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு வருஷம் கழித்தும் அதே மேஜை, அதே வேலை என்றால் நானே விடச் சொல்வேன். இன்னொன்று, ரூட்டர் மெஷினிலிருந்து வருவது கண்ணாடி இழைத் தூசி. உறிஞ்சும் குழாய் வேலை செய்கிறதா, மாஸ்க் தருகிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். இல்லையென்றால் ஒரு வருஷமெல்லாம் காத்திருக்க வேண்டாம்.

அடுத்த முறை வரும்போது வேலை ஆர்டரையும் சம்பளச் சீட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். கம்பெனி நேரடியாக எடுத்ததா, கான்ட்ராக்டா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.