ஒரு பெரிய விளக்கா, எட்டுச் சின்ன விளக்கா?

கேள்வி: ஜிஎஸ்டி கணக்கு எழுதிக்கொடுக்கும் சிறிய அலுவலகம் நடத்துகிறேன். 20 அடிக்கு 12 அடி அறை, கூரை உயரம் 10 அடி, ஆறு பேர் வேலை செய்கிறோம். சுவரில் பழைய டியூப் லைட் இரண்டு இருக்கின்றன. மூலையில் உட்காருபவர்கள் பில்லில் எண் சரியாகத் தெரியவில்லை என்றதால், நடுவில் 50 வாட் எல்இடி பல்பு ஒன்று மாட்டினோம். இப்போது நடுவில் கண் கூசுகிறது, மூலை அப்படியேதான் இருக்கிறது, எழுதும்போது அவரவர் கை நிழல் நோட்டிலேயே விழுகிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டு பேனல் லைட் வைக்க எழுபதாயிரம் கேட்கிறார்கள். குறைந்த செலவில் வழி உண்டா?
– வாசகி, கரூர்

பதில்: உண்டு, சகோதரி. ஃபால்ஸ் சீலிங் அறையின் அழகுக்கானது. உங்கள் குறை வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

நடு பல்புக்கு நேர் கீழே உள்ள மேசைக்குக் கிடைப்பதில், எட்டடி தள்ளியிருக்கும் மேசைக்கு மூன்றில் ஒரு பங்குதான் நேராகப் போய்ச் சேரும். 50 வாட்டை எடுத்துவிட்டு 100 வாட் மாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. கூச்சம்தான் இரண்டு மடங்காகும். அதனால் வாட்டைக் கூட்டாதீர்கள், விளக்கின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

எத்தனை வேண்டும் என்று பார்ப்போம். கடையில் வாட் சொல்வார்கள். நீங்கள் லூமென் கேளுங்கள், வெளிச்சத்தின் அளவு அதுதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ். எழுத்து வேலை நடக்கும் அலுவலக மேசைக்கு 300 முதல் 500 லக்ஸ் தேவை. உங்கள் அறை 22 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 300 லக்ஸ் என்று வைத்தாலும் மேசை மட்டத்தில் 6,700 லூமென் விழ வேண்டும். ஆனால் விளக்கிலிருந்து கிளம்புவதில் ஏறத்தாழ பாதிதான் மேசைக்கு வரும். மீதியைச் சுவரும் கூரையும் தூசியும் எடுத்துக்கொள்ளும். ஆக 15,000 லூமென் பக்கம் வாங்க வேண்டும். பேட்டன் என்பது பட்டையாக, டியூப் லைட் போல நீளமாக இருக்கும் எல்இடி விளக்கு. 4 அடி, 20 வாட் பேட்டன் ஒன்று சுமார் 2,000 லூமென் தருகிறது. எட்டு வாங்கினால் சரியாக இருக்கும்.

மாட்டும் இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எலக்ட்ரீசியனுக்கு வயர் இழுக்கச் சுலபமான இடம் சுவர், அதனால் சுவரிலேயே அடித்துவிட்டுப் போய்விடுவார். கூரையில் மாட்டச் சொல்லுங்கள். அறையின் நீளவாக்கில் இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு பேட்டன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு அடி, வரிசையின் இரு முனையிலும் அரை அடி. பக்கச் சுவரிலிருந்து வரிசைக்கு 3 அடி, இரண்டு வரிசைகளுக்கும் இடையே 6 அடி. சுவரோரம் விடும் இடைவெளி நடு இடைவெளியில் பாதி என்பதை மறக்க வேண்டாம். மூலை மேசைகளைக் காப்பாற்றுவது அதுதான். இன்னொரு நன்மையும் உண்டு. நடுவில் 48 அங்குல மின்விசிறி இருந்தால் அதன் இறக்கை எந்த பேட்டனுக்கும் நேர் கீழே வராது. வெளிச்சம் வெட்டி வெட்டி விழும் தொல்லை பெருமளவு குறையும்.

வேறு அளவு அறை வைத்திருப்பவர்களுக்கு: விளக்கிலிருந்து மேசை வரை எத்தனை அடியோ, அதைப் போல ஒன்றேகால் மடங்குக்கு மேல் வரிசைகளைத் தள்ளி வைக்கக் கூடாது. உங்கள் அறையில் ஏழரை அடி, அதாவது ஒன்பது அடி வரை போகலாம். ஆறடியில் வைக்கிறோம், அதனால் பயமில்லை.

உட்காருபவர் விளக்கு வரிசைக்கு இணையாகப் பார்க்கும்படி மேசைகளைப் போடுங்கள். பேட்டனின் நீளம் முழுவதும் கண்ணுக்கு எதிரே வராது, கம்ப்யூட்டர் திரையிலும் அதன் பிம்பம் அவ்வளவாக விழாது. இரண்டு வரிசைக்கும் தனித்தனி சுவிட்ச் கேளுங்கள். பகலில் சன்னல் பக்கத்து வரிசையை அணைத்து வைக்கலாம்.

கூரைக்கு முதலில் வெள்ளையடித்துவிடுங்கள். நல்ல வெள்ளைக் கூரை தன்மேல் படும் வெளிச்சத்தில் 70, 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். இதைவிட மலிவான விளக்கு கிடையாது.

மின்கட்டணம் ஏறுமோ என்று தயங்க வேண்டாம். பழைய டியூப் ஒன்று சோக்கோடு சேர்த்து 50 வாட் பக்கம் இழுக்கும். இரண்டு டியூபும் உங்கள் பல்பும் சேர்ந்தால் 150. புதிய எட்டும் சேர்ந்து 160. ஏறத்தாழ அதே மின்சாரம்தான். பேட்டன் ஒன்று 200 முதல் 350 ரூபாய்க்குள் கிடைக்கிறது. வயரிங், கூலி எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் முடிக்கப் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் ஒவ்வொரு மேசையிலும் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். அதற்கு ஒரு சாண் மேலே கையை விரித்துப் பிடியுங்கள். இப்போதைய பல்பின் கீழே செய்தால் ஐந்து விரலும் மை தொட்டு வரைந்ததுபோல் விழும். இரண்டு வரிசை வெளிச்சத்தில் விரல்களின் ஓரம் கரைந்து, லேசான சாம்பல் கறைபோல்தான் தெரியும். மூலை மேசையிலும் அப்படித் தெரிகிறதா என்று பார்த்த பிறகே எலக்ட்ரீசியனுக்குப் பணம் கொடுங்கள்.

கேள்வி: ஆசாரியை வைத்து பிளைவுட் பெட்டி செய்து, உள்ளே இரண்டு பேட்டன் வைத்து, பால் நிற அக்ரிலிக் தகடு போட்டு மூடினேன். தகட்டில் இரண்டு கோடு தெரிகிறது, வெளிச்சமும் மங்கிவிட்டது. எங்கே தவறு?
– வாசகர், திருச்சி

பதில்: பெட்டியின் ஆழம் போதவில்லை. இரண்டு பேட்டனுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, குறைந்தது அவ்வளவு தூரம் பேட்டனிலிருந்து தகடு வரை இருக்க வேண்டும். 6 அங்குலம் தள்ளி வைத்துவிட்டு 3 அங்குல ஆழத்தில் மூடினால் கோடு தெரியத்தான் செய்யும். இருப்பதை வைத்தே சரி செய்யலாம், பேட்டன்களை நெருக்கி வையுங்கள். உள்பக்கம் முழுவதும் பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடியுங்கள். பெயின்ட் அடிக்காத பிளைவுட் நிறைய வெளிச்சத்தை விழுங்கும்.

இன்னொன்று, பேட்டனுக்கே பால் நிற மூடி இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு தகடு போட்டால் இரண்டு இடத்தில் வெளிச்சம் குறைகிறது. பெட்டியின் மேல்பக்கத்தில் காற்றுப் போக வழி விட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். எல்இடியில் பெரும்பாலும் முதலில் போவது உள்ளே இருக்கும் டிரைவர்தான், அதாவது எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சர்க்யூட். அதற்குச் சூடு ஆகாது.

கேள்வி: மலிவாகக் கிடைக்கும் பேனல் லைட் வாங்கலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நானே வாங்கி ஏமாந்திருக்கிறேன். ஓரத்தில் எல்இடி வைத்த ஒல்லியான பேனல்கள் ஆறு. இரண்டாவது வருடமே உள்ளிருக்கும் பிளாஸ்டிக் தகடு மஞ்சளாகிவிட்டது. கடையில் பில் இல்லாமல் வாரண்டி இல்லை என்றார்கள், நான் பில் வாங்கவில்லை.

வாங்குவதற்கு முன் விளக்கை எரியவிட்டு போன் கேமராவை நீட்டுங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் டிரைவர் மட்டம். விளக்கு வேகமாக மங்கி மங்கி எரியும் அந்தத் துடிப்பு கண்ணுக்குத் தெரியாது, நாள் முழுவதும் உட்காருபவருக்குத் தலைவலி மட்டும் வரலாம். பெட்டியில் ஐஎஸ் 10322 என்ற தர எண்ணும் ‘ஆர்’ என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் அங்கேயே போட்டுப் பார்க்கலாம். நிறத்தில் 4000 கெல்வின் கேளுங்கள். 6500 நீலம் பாய்ந்த வெள்ளை, எழுத்து வேலைக்கு அவ்வளவு இதமாக இருக்காது. பொருளின் நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்பதைச் சொல்லும் சிஆர்ஐ எண் 80க்குக் குறையக் கூடாது.

எட்டு தேவைப்பட்டால் ஒன்பதாக வாங்குங்கள். ஒன்று போனபின் அதே கம்பெனியில் வாங்கினாலும் வெள்ளை ஒத்துப்போகாமல் தனியாகத் தெரியலாம்.