தொக்கணம், ஷாம்பு, குடிமகன்

அன்புள்ள சார்,

பிறந்தநாளுக்கு மகள் என்னை ஒரு ஸ்பாவுக்கு அனுப்பினாள். ஸ்வீடிஷ் மசாஜ், லாவண்டர் எண்ணெய், ஒரு மணி நேரம், 2,500 ரூபாய். நம் சித்தர்கள் சொன்ன தொக்கணத்தை, அதாவது உடம்பு பிடித்துவிடும் வைத்தியத்தைத்தானே வெள்ளைக்காரன் எடுத்துப்போய் நமக்கே விற்கிறான்? இதன் வரலாற்றை எழுதுங்கள். கழுத்து வலிக்கு இதைத் தொடரலாமா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

கழுத்தை டாக்டரிடம் காட்டுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

ஸ்வீடனில் அதற்கு ஸ்வீடிஷ் மசாஜ் என்ற பெயரே இல்லை. கிளாசிக் மசாஜ் என்பார்கள். 1813ல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிலையம் தொடங்கிய லிங்கின் பெயரில் அது ஓடுகிறது. நீவுவது, பிசைவது என்ற வரிசையெல்லாம் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் மெட்ஸ்கர் வழி வந்தவை. வலிக்கிற இடத்துக்குக் கை தானாகப் போகும். அதில் திருட என்ன இருக்கிறது?

தொக்கணம் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல்... பட்டியல் நமக்கு மனப்பாடம். யார் கை பிடித்தது என்பதை மட்டும் கேட்க மாட்டோம்.

பாட்னாவில் 1759ல் பிறந்த சேக் தீன் முகமது கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவர். 1810ல் லண்டனில் உணவகம் திறந்தார். அது நொடித்ததும் பிரைட்டனுக்குப் போய் நீராவிக் குளியலும் உடம்பு பிடித்தலுமாகக் கடை போட்டார். இங்கிலாந்து மன்னர் நான்காம் ஜார்ஜுக்கு 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆனார். 'அமுக்கு' என்று பொருள்படும் இந்திச் சொல்தான் ஷாம்பு. இன்று பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிறது. கை போய்விட்டது, நுரை மிச்சம்.

கடல் தாண்டியவர் சர்ஜன். தாண்டாதவர்? நெல்லைப் பக்கம் எங்கள் ஊரில் உடம்பு பிடித்துவிடும் நாவிதரைக் குடிமகன் என்பார்கள். சனிக்கிழமை காலையில் கொல்லை வழியாக வருவார். தாத்தாவைப் பலகையில் உட்காரவைத்து நல்லெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்ப்பார். எனக்குப் பத்து வயதில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. "தம்பி, பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்றார். பதினாறெட்டில் நான் தடுமாறியபோது அவர் கட்டைவிரல் எங்கேயோ இறங்கியது. வலி விட்டுவிட்டது. கிண்ணத்தில் மிஞ்சிய எண்ணெயைத் தன் முழங்காலில் தடவிக்கொண்டு கிளம்பினார். அவர் உட்கார்ந்த கல்லில் பாட்டி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். கூலி, அறுப்புக்கு அறுப்பு நெல். என்னைத் தம்பி என்று மரியாதையோடு கூப்பிட்ட அந்த எழுபது வயதுக்காரரை நான் 'வா, போ' என்றுதான் பேசினேன்.

உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள், ஆர். எண்ணெயின் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, சித்தர்கள் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் உங்கள் கழுத்தைப் பிடித்தவர் ஆணா பெண்ணா என்றுகூட இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் குடிமகனின் பெயரை நேற்று அம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் யோசித்தாள்.

"குடிமகன்னுதானப்பா கூப்பிடுவோம்" என்றாள்.