பாட்டு எழுத மறுத்தவர்

கேள்வி: சென்ற இதழில் ஷின் ஜூங்-ஹ்யுன் என்ற கிதார்க்காரரை 'கொரிய ராக்கின் தந்தை' என்று ஒரு பக்கத்துக்குப் புகழ்ந்திருந்தீர்கள். அவர் கஞ்சா கேஸில் உள்ளே போனவர் என்பதை ஏன் எழுதவில்லை? இப்படிப்பட்டவர்களைத்தான் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்ட வேண்டுமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: உள்ளே போனது உண்மைதான். 1975 டிசம்பரில் பிடித்தார்கள். கஞ்சா பழக்கம் தனக்கு வந்து போனதை அவரும் மறைத்ததில்லை. சியோலில் பழகிய அமெரிக்க ஹிப்பிகள் வழியாக வந்தது அது. ஆனால் நீங்கள் கதையைக் கடைசி அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். மூன்று வருடம் முன்னால் போவோம்.

1972. தென் கொரியாவில் பார்க் சுங்-ஹீயின் ஆட்சி. அந்த அக்டோபரில் ராணுவச் சட்டம் போட்டு, காலமெல்லாம் பதவியில் இருக்கத் தோதாக அரசியல் சாசனத்தையே மாற்றிக்கொண்டவர். அதே ஆண்டு அதிபர் மாளிகையிலிருந்து ஷின்னுக்கு போன் வந்தது: தலைவரைப் போற்றி ஒரு பாட்டு வேண்டும். மாட்டேன் என்றுவிட்டார். (பார்க்குக்குப் பாட்டு பஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய அரசின் கிராம மேம்பாட்டுத் திட்டமான 'புதிய கிராம' இயக்கத்துக்காக ஊர் ஊராக ஒலிபெருக்கியில் முழங்கிய பாட்டுக்குச் சொல்லும் மெட்டும் பார்க்குடையதுதான் என்று போட்டிருப்பார்கள்.) மறுத்ததோடு சும்மா இருந்தாரா ஷின்? தலைவருக்குப் பதில் தாய்நாட்டைப் பாடுகிறேன் என்று 'அழகான மலையும் ஆறும்' என்ற பாட்டைப் போட்டார். பத்து நிமிடம் ஓடும். வானம், காற்று, மலை, ஆறு எல்லாம் அதில் உண்டு. அதிபர் மட்டும் இல்லை.

அதற்கப்புறம் நடந்ததைப் பாருங்கள். தெருவில் நீள முடிக்காரர்களைப் பிடித்துப் போலீஸே கத்தரித்துவிட்ட காலம் அது. பெண்களின் பாவாடையை ஸ்கேல் வைத்து அளந்தார்கள். 1974-ல் ஷின் மூன்று பேர் குழு ஒன்றை வைத்து 'அழகி' என்ற பாட்டைக் கொடுத்தார். நாடு முழுக்க அதுதான். எத்தனை தரம் பார்த்தாலும் மறுபடி பார்க்கத் தோன்றுகிறது என்று காதலன் பாடுவதை, எத்தனை தரம் ஆண்டாலும் மறுபடி ஆளத் தோன்றுகிறது என்று மாணவர்கள் மாற்றிப் பாடிச் சிரித்தார்களாம். மறு வருடமே பாட்டு தடைப் பட்டியலில். கிம் சூ-ஜா பாட அவர் எழுதிய 'அது பொய்' என்ற காதல் பாட்டுக்கும் தடை. காரணம்? மக்களிடையே அவநம்பிக்கையை வளர்க்கிறதாம்! ஏமாந்த காதலி புலம்பினால் அரசாங்கத்துக்கு ஏன் உறுத்துகிறது என்று கேட்க அங்கே ஆளில்லை.

கஞ்சா கேஸ் வந்தது இதற்கெல்லாம் பிறகு. தண்ணீரால் சித்திரவதை செய்ததையும் மனநல மருத்துவமனையில் அடைத்து வைத்ததையும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். சிறை சில மாதம்தான். வெளியே வந்தால் மேடை கிடையாது, ரெக்கார்டிங் கிடையாது. 1979 அக்டோபர் 26-ல் பார்க்கை அவருடைய உளவுத் துறைத் தலைவரே சுட்டுக் கொன்ற பிறகுதான் தடை நீங்கியது. கஞ்சாவுக்குத் தண்டனை என்றால் சிறையோடு முடிந்திருக்க வேண்டாமா? நாற்பதைத் தொடும்போது ஒரு கலைஞனை நான்கு வருடம் ஊமையாக்கி வைத்தார்கள். திரும்பி வந்தபோது ஜனங்களின் ரசனை வேறு பக்கம் போயிருந்தது.

அடையாளம் காட்டலாமா என்கிறீர்கள். 1938-ல் பிறந்து, போர்க் காலத்தில் பெற்றோரை இழந்து, உறவினரின் மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே தானாகக் கிதார் கற்ற பையன் அவர். 'ஜாக்கி ஷின்' என்ற பெயரில், தென் கொரியாவில் இருந்த அமெரிக்க ராணுவ முகாம்களின் கிளப்களில் வாசித்தார். அங்கே ஆடிஷன் வைத்துக் கலைஞர்களுக்கு கிரேடு போடுவார்கள். கிரேடைப் பொறுத்துத்தான் கூலி. வெள்ளைச் சிப்பாய்களுக்கு கன்ட்ரி இசை, கறுப்புச் சிப்பாய்களுக்கு சோல் இசை. இரண்டும் கைவந்தாக வேண்டும். அந்தப் பட்டறையில் தேறியவர் 1962-ல் 'ஆட் ஃபோர்' குழுவைத் தொடங்கி, கொரிய மொழியிலேயே ராக் பாட வைத்தார். பேர்ல் சிஸ்டர்ஸ், கிம் சூ-ஜா என்று அவர் கைப்பட்டு மேலே வந்தவர்கள் ஒரு பட்டாளம். 2017-ல் அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர்களுக்கும் கேஸ் விவரம் தெரிந்துதான் இருக்கும்.

அந்தப் பத்து நிமிடப் பாட்டு என்னவாயிற்று? 2016 கடைசியில் பார்க்கின் மகள், அப்போதைய அதிபர் பார்க் குன்-ஹே, பதவி நீக்கத் தீர்மானத்தில் சிக்கினார். அவருடைய ஆதரவாளர்கள் தேசபக்திப் பாட்டு என்று அதையே எடுத்துப் பாடினார்கள். ஷின்னின் மூத்த மகன் ஷின் தே-சோலும் கிதார்க்காரர். கொதித்துப் போய், டிசம்பர் 31 அன்று சியோலின் குவாங்ஹ்வாமுன் சதுக்கத்தில் மெழுகுவர்த்தியோடு கூடியிருந்த எதிர்த்தரப்புக் கூட்டத்தின் முன்னால் அதே பாட்டை வாசித்தார்.

பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்தே சொல்லுங்கள். கஞ்சாவையும் மறைக்க வேண்டாம். அந்த போனையும் மறைக்க வேண்டாம்.