தொட்டியில் எலுமிச்சை: கேட்டீர்கள், சொல்கிறோம்

கேள்வி: தொட்டியில் வைத்த குட்டை ரக எலுமிச்சை இரண்டு வருடமாக மூன்றடியிலேயே நின்று காய்த்தது. இப்போது திடீரென்று அடியிலிருந்து ஒரு கிளை கிளம்பி ஆளுயரத்துக்குப் போய்விட்டது. நிறைய முள். வெட்ட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வெட்டுங்கள், இன்றைக்கே. அது பெரும்பாலும் உங்கள் எலுமிச்சையே இல்லை. அடித்தண்டில் மண்ணுக்குச் சற்று மேலே லேசாகப் புடைத்து, பட்டையின் நிறம் மாறும் இடம் ஒன்று இருக்கும், அதுதான் ஒட்டுக்கட்டிய இடம், அதாவது வேருக்காக வைத்த வேறொரு செடியின் மேல் (அதுதான் வேர்ச்செடி) உங்கள் எலுமிச்சையை இணைத்த இடம். கிளை அதற்குக் கீழேயிருந்து வந்தால் அது வேர்ச்செடியின் போத்து, அதாவது அதன் சொந்தக் கிளை. இலையைப் பார்த்தாலும் தெரியலாம்: ஒரே காம்பில் வில்வம் மாதிரி மூன்று இலை இருந்தால் அது மூன்றிலை ஆரஞ்சு, பழம் வாயில் வைக்க முடியாத கசப்பு. மரம் குட்டையாக நிற்பதும் குளிர் தாங்குவதும் பெரும்பாலும் இந்த வேர்ச்செடியின் புண்ணியம்தான், ஆனால் மேலே வரவிட்டால் ஒட்டிய எலுமிச்சையை அமுக்கி முழுத்தொட்டியையும் அதுவே எடுத்துக்கொள்ளும். இளம் போத்து என்றால் கையாலேயே பிய்த்துவிடுங்கள், முற்றியதைத் தண்டோடு ஒட்ட அறுங்கள், குச்சி மிச்சம் வைத்தால் அங்கிருந்தே நாலு முளைக்கும். அப்புறம் ஒன்று, உரம் போடும் சாக்கில் ஒட்டுக்கட்டிய இடத்தை மண்ணால் மூடிவிடாதீர்கள். மேல்செடி தானே வேர் விட்டுக்கொண்டால் குட்டை ரகம் என்பது பேருக்குத்தான்.

கேள்வி: குளிருக்குப் பயந்து செடியை வீட்டுக்குள் வெயில் படும் ஜன்னலோரம் வைத்தேன். இலை எல்லாம் கொட்டிவிட்டது. தண்ணீர் போதவில்லையோ?

பதில்: போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றியிருப்பீர்களே, அதுதான் ஆபத்து. மண் சுமார் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் எலுமிச்சை வேர் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். மேலே இலையில் வெயில் அடிக்கிறது, இலை தண்ணீர் கேட்கிறது, கீழே வேர் தரவில்லை, செடி இலையை உதிர்த்துவிடுகிறது. அந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீர் வேரை அழுகத்தான் வைக்கும். தொட்டியைச் சில்லென்ற தரையிலிருந்து ஒரு பலகை மேல் ஏற்றி வையுங்கள், விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு ஈரம் இல்லாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள். நகத்தால் கிளையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: உறைபனி விழும் ஊர். தொட்டிக்கு எந்த வகை நல்லது?

பதில்: லைம் எனப்படும் சிறு எலுமிச்சை வேண்டவே வேண்டாம், குளிரில் முதலில் போவது அதுதான். 1908-ல் செடி தேடி அலைந்த ஃபிராங்க் மேயர் என்பவர் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோன மேயர் எலுமிச்சை கலப்பினம், அசல் எலுமிச்சையைவிடக் கொஞ்சம் தாங்கும். அதற்கும் மேலே தாங்குபவை சட்சுமா என்ற கமலா ஆரஞ்சு வகை, கும்குவாட் என்ற குட்டி ஆரஞ்சு மாதிரிப் பழம், எல்லாவற்றையும்விட யூசு என்ற புளிப்பு எலுமிச்சை இனம். ஆனால் விற்பவர்கள் சொல்லும் டிகிரிக் கணக்கு தரையில் வேரூன்றி வளர்ந்த மரத்துக்கு, தொட்டியில் வேரைச் சுற்றி நாலு பக்கமும் குளிர் என்பதால் அதை அப்படியே நம்பாதீர்கள். என்னைக் கேட்டால் கும்குவாட். செடி சிறிசு, காய்ப்பு நிறைய. பழத்தைத் தோலோடு சாப்பிட வேண்டும், இனிப்பே தோலில்தான். உரித்துத் தின்றுவிட்டு ஒரே புளிப்பு என்று எனக்குத் திட்டி எழுதாதீர்கள்.