காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தும் சிலருக்கு ஏன் தொற்றுவதில்லை?

மூச்சோடு போகும் கிருமியை நுரையீரலின் மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கும். ஆனால் அது செரிக்காமல் உள்ளேயே பெருகும். கிருமியைக் கொல்லும்படி அந்த மேக்ரோஃபேஜ்களை உசுப்பிவிடுவது, சிடி4 டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதம். எச்ஐவியில் சிடி4 குறைந்ததும் காசநோய் தலைதூக்குவது இதனால்தான்.

உங்கள் கேள்விக்கு நேரான உதாரணம் உகாண்டாவின் கம்பாலா. அங்கே நோயாளியோடு நெருங்கி வாழ்ந்தும், சிலருக்குக் காசநோய்த் தொற்றைக் கண்டறியும் தோல் பரிசோதனையும் இக்ரா ரத்தப் பரிசோதனையும் ஆண்டுக்கணக்கில் நெகட்டிவ். 2019இல் வெளியான ஆய்வில், அவர்களுடைய டி செல்கள் கிருமியின் ஈசாட்-6, சிஎஃப்பி-10 புரதங்களை அடையாளம் கண்டுகொண்டன. ஆனால் இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்கவில்லை. அதாவது கிருமியைச் சந்தித்திருக்கிறார்கள். இக்ரா அளப்பதே காமாவைத்தான், அதனால் சிக்கவில்லை. காமா இல்லாத இந்த மாற்று எதிர்ப்புவழிதான் அவர்களைக் காத்தது என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.